கண்ணாடிக் கோவிலைக் கத்தோலிக்கர் வாங்கலாமா?

2011 ஜூலை 14, ஒரு வாசகரின் கேள்வி

கலிபோர்னியாவில் கார்டன் குரோவ் ஊரில் இருக்கும் கிரிஸ்டல் கதீட்ரலை கத்தோலிக்கத் திருச்சபையின் ஆரஞ்சு மறைமாவட்டம் (ஒரு பிஷப், அதாவது ஆயர், பார்க்கும் பகுதி) வாங்க யோசிக்கிறதாம். கட்டியது வேறு சபை. முழுக்கக் கண்ணாடி. அங்கே நடந்ததெல்லாம் டிவி ஆராதனை. அதற்குள் போய்ப் பூசை வைத்தால் அது கோவில் ஆகிவிடுமா? அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2011 ஜூலை 14, இரவு

நான் அந்தப் பக்கம்தான். அனகைமில் குடியிருக்கிறேன், கோவில் காரில் பதினைந்து நிமிடம். நான் சேர்ந்திருக்கும் பங்கும், அதாவது எங்கள் உள்ளூர்க் கோவில் சபையும், இதே மறைமாவட்டம்தான். அதனால் எனக்கு இது வெறும் செய்தி இல்லை. என் பதில்: வாங்கக் கூடாது.

2004 கிறிஸ்துமஸுக்கு அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். அங்கே வருடாவருடம் பெரிய கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள் என்று கூட்டிப் போனேன். வாசலில் நுழைந்ததும் அம்மாவின் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. தீர்த்தத் தொட்டியைத் தேடிய கை. அங்கே ஒன்றும் இல்லை. கையை அப்படியே சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாடகத்தில் நிஜ ஒட்டகம் நடந்து வந்தது, சம்மனசுகள் (தேவதூதர்கள்) கம்பியில் தொங்கிப் பறந்தார்கள். அம்மா ரசித்துத்தான் பார்த்தார். ஆனால் திரும்பும்போது கேட்டார்: "எல்லாம் நல்லா இருந்துச்சு. நற்கருணை எங்கேப்பா இருக்கு?" நற்கருணை என்றால் கிறிஸ்துவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம். எங்கள் கோவில்களில் ஒரு பேழைக்குள் இருக்கும்.

கட்டடத்தை வாங்கலாம். அந்தக் கேள்விக்கான பதிலை எங்கே வைப்பார்கள்?

2011 ஜூலை 15

நேற்று இன்னொரு பதிலில் "ஏதோ ஒரு தனி டிவி சபை" என்று எழுதியிருந்தேன். தப்பு. நாகர்கோவில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்த என் மனைவி படித்துவிட்டு என்னை உட்கார வைத்துத் திருத்தினாள். அது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் 1628-இல் இன்றைய நியூயார்க்கில் தொடங்கிய சபை, இந்த நாட்டின் மிகப் பழைய சபைகளில் ஒன்று. போதகர் ராபர்ட் ஷுல்லர் அதன் முறைப்படி பட்டம் பெற்ற போதகர்.

அவர் ஆரம்பித்த கதையும் தெரிய வேண்டும். 1955-இல் சபை 500 டாலர் கொடுத்து ஷுல்லரையும் அவர் மனைவி அர்வெல்லாவையும் இங்கே அனுப்பியது. கூட்டம் போட இடம் கிடைக்கவில்லை. காரில் உட்கார்ந்தபடி சினிமா பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகை ஒன்று ஆரஞ்சு நகரில் இருந்தது. ஞாயிறு காலையில் அதை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த தின்பண்டக் கடையின் கூரைமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். அர்வெல்லா ஆர்கன் வாசித்தார். ஜனங்கள் காருக்குள் இருந்தபடியே ஒலிபெருக்கியில் கேட்டார்கள். நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கோவிலுக்குப் போட நல்ல உடுப்பு இல்லாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். டிவி நிகழ்ச்சி 1970-இல்தான் வந்தது. கூரைமேல் நின்ற அந்த மனிதரை நான் ஒரே வரியில் தள்ளியிருக்கக் கூடாது.

2011 ஜூலை 15, பின்குறிப்பு

கண்ணாடிக் கட்டடம் நோய்த்ரா கட்டியதா என்று கேட்டவருக்கு: வளாகத்தில் மூன்று பெரிய கட்டடக் கலைஞர்களின் வேலை இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் கட்டிய பழைய ஆராதனைக்கூடம் ரிச்சர்ட் நோய்த்ரா. உள்ளே உட்காருகிறவர்களும் வெளியே காரில் இருக்கிறவர்களும் ஒரே நேரத்தில் போதகரைப் பார்க்கும்படி அமைத்தார். 1968-இன் 13 மாடிக் கோபுரம் அவரும் அவர் மகனும் சேர்ந்து செய்தது. 1980-இல் திறந்த கண்ணாடிக் கோவில் பிலிப் ஜான்சனும் ஜான் பர்ஜியும். 2003-இல் வந்த வரவேற்பு மையம் ரிச்சர்ட் மையர்.

ஜான்சன் முதலில் காட்டிய வரைபடத்தில் சுவர் இருந்ததாம். ஷுல்லர் ஒத்துக்கொள்ளவில்லை. திறந்த வானத்தடியில் பிரசங்கித்துப் பழகியவர், எல்லாமே கண்ணாடியாக வேண்டும் என்றார். 10,000-க்கு மேற்பட்ட கண்ணாடிகள். இரும்புச் சட்டத்தில் ஆணி அடித்து மாட்டவில்லை, நிலநடுக்கத்தில் உடையாமல் அசைந்து கொடுக்க சிலிக்கோன் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பிரசங்க மேடைக்குப் பின்னால் 90 அடி உயரக் கதவு இரண்டு. ஆராதனையின்போது அவை திறக்கும், வெளியே காரில் இருப்பவர்களுக்காக. இவ்வளவு செலவழித்துக் கட்டிய பிறகும் அந்த முதல் கார்க்காரர்களை அவர் மறக்கவில்லை. இது எனக்கு நேற்று தெரியாது.

2011 ஜூலை 17

"வேறு சபைக் கட்டடத்தை முதலில் பேயோட்டி மந்திரிக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. அங்கேயும் கிறிஸ்துவைத்தான் கும்பிட்டார்கள். கத்தோலிக்க முறைப்படி செய்ய வேண்டியது நேர்ந்தளிப்புச் சடங்கு, புதிதாகக் கட்டிய கோவிலுக்குச் செய்வதே தான். சாவியும் பத்திரமும் ஆயர் கைக்கு வரும். தண்ணீர் தெளிப்பார்கள். புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடுவார்கள். பீடத்தின் அடியில் புனிதர்களின் திருப்பண்டங்களை (எலும்பு போன்ற நினைவுப் பொருள்களை) வைத்து மூடுவார்கள். பிறகு ஆயர் கைச்சட்டையை ஏற்றிவிட்டு, பீடத்தின் மேல் கிறிஸ்மா தைலத்தை (ஆயர் மந்திரித்த வாசனை எண்ணெயை) ஊற்றி உள்ளங்கையால் முழுக்கத் தடவுவார். சுவரிலும் தைலம் பூசுவார்கள், முழு முறைப்படி 12 இடங்களில். பீடத்தின் மேலேயே சாம்பிராணி புகையும். கடைசியில்தான் விளக்கு.

எங்கள் ஊரில் ஒரு சின்னக் கோவிலுக்கு இந்தச் சடங்கு நடந்தபோது நான் பீடச் சிறுவன். தைலம் தடவி முடித்ததும் ஆயரின் கையைத் துடைக்க எலுமிச்சைத் துண்டு நீட்டியது நான்தான். வாசனை மறுநாள் காலை வரைக்கும் என் விரலில் இருந்தது.

சுவர் என்று எழுதியதும் நின்றுவிட்டேன். இங்கே சுவரே இல்லையே. கண்ணாடியில் எங்கே தைலம் பூசுவார்கள்?

2011 ஆகஸ்ட் 3

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. இதே மறைமாவட்டம் 2004-ஆம் ஆண்டுக் கடைசியில், குருக்களாலும் திருச்சபைப் பணியாளர்களாலும் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு 10 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆயர் டாட் பிரவுன் காலத்தில்தான். அந்த வாரம் பூசை முடிந்து வெளியே யாரும் யாருடனும் பேசவில்லை. அவரவர் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டோம். ஏழு வருடம்கூட ஆகவில்லை, இப்போது கோடிக் கணக்கில் ஒரு கண்ணாடி மாளிகை. இதை ஒரு பாதிக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் நெஞ்சு எரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1976-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிரித்து உருவாக்கிய மறைமாவட்டம் இது. இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கத்தோலிக்கர். ஆரஞ்சு நகரின் திருக்குடும்பப் பேராலயம் ஒரு பங்குக் கோவில் அளவுதான். குருப்பட்டம் கொடுக்கும் நாளில் ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்கள். அதனால் சான்டா ஆனாவில் ஏற்கனவே நிலம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அங்கே புதிதாகக் கட்டினால் 10 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இது மலிவு. மலிவு என்பதற்காக வாங்கலாமா என்பது வேறு கேள்வி.

2011 ஆகஸ்ட் 4

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. மிச்சிகனில் டச்சு வம்சத்தில் பிறந்து இங்கே கல்யாணமாகி வந்தவர். கண்ணாடிக் கோவில் கட்டும்போது ஒரு கண்ணாடிக்கு 500 டாலர் என்று நன்கொடை வாங்கினார்கள். இறந்துபோன தன் முதல் குழந்தையின் பெயரில் இவரும் கணவரும் ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். பத்தாயிரத்தில் எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. "தெரியாமல் இருந்தது நல்லதுதான், எல்லாவற்றையும் பார்ப்பேன்" என்றார்.

நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டார்: "உங்கள் ஆயர் வாங்கினால் அதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாயக் கண்ணாடி வைப்பாரா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இதுவரை நான் கட்டடத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2011 ஆகஸ்ட் 9

யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் கோவில்களை எடுத்துச் சீர்திருத்த சபைக்குக் கொடுத்தார்கள். குருமாரைத் துரத்தினார்கள். பூசை வைப்பது குற்றம். போதகர் பால்தேயு அந்தக் கோவில்களில்தான் பிரசங்கித்தார். 1687-இல் ஜோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து, இரவில் வீட்டுக்குள் ஒளித்துப் பூசை வைத்தார்.

அண்ணா கேட்கிறார்: "அந்த டச்சுச் சபையின் அமெரிக்கக் கிளைதானே இது. இப்போது நாங்கள் காசு கொடுத்து வாங்கினால் என்ன?"

அண்ணா, பழி தீர்ப்பது உங்கள் எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் கார்டன் குரோவில் 500 டாலர் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: கோவிலைப் பறிகொடுத்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் நம் ஜனங்கள். வீட்டுக்குள் போனார்கள், காட்டுக்குள் போனார்கள். அப்படியென்றால் வாங்குகிற இடத்தில் இருக்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது: இங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

2011 அக்டோபர் 22

கொஞ்ச நாளாக எழுதவில்லை. இதற்கிடையே என் மனம் மாறிக்கொண்டிருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கண்ணாடிக் கோவில் சபை திவால் மனு போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. கடன் 4.3 கோடி டாலருக்கு மேல். அடமானம் ஒரு பக்கம். நாடகத்துக்கு மிருகங்கள் கொண்டுவந்தவர்களுக்கு, டிவிக்காரர்களுக்கு என்று சின்னச் சின்னப் பாக்கிகள் இன்னொரு பக்கம். அம்மாவோடு பார்த்த அந்த ஒட்டகத்தின் கூலியும் இந்தப் பட்டியலில் வந்திருக்குமோ என்று தோன்றியது. இல்லை, அது 2004. கடன் பின்னால் வந்தது. 2006-இல் ஷுல்லர் ஓய்வு பெற்றார், மகன் வந்தார், 2008-இல் விலகினார், பிறகு மகள். குடும்பத்துக்குள் பிளவு, வெளியே பொருளாதாரச் சரிவு, காணிக்கை விழுந்துவிட்டது.

எப்படியும் விற்றாக வேண்டும். வாங்க நிற்பவர்கள் யார் யார்? குடியிருப்பு கட்ட யோசித்த ஒரு நிறுவனம். சாப்மன் பல்கலைக்கழகம். மறைமாவட்டம். நான் "வாங்கக் கூடாது" என்று எழுதியபோது, நாம் வாங்காவிட்டால் அது அப்படியே கோவிலாக இருக்கும் என்று மனதுக்குள் எண்ணியிருக்கிறேன். அப்படி ஒரு வழி இந்தப் பட்டியலில் உறுதியாக இல்லை.

மனைவி வேறொன்றைச் சொன்னாள். வளாகத்துக்குள் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. "வகுப்பறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் கல்லறையா? யார் வந்து பூ வைப்பார்கள்? கல்லறையோடு சேர்த்து வாங்குகிறவர் ஜெபிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்" என்றாள். அவள் அப்பாவின் கல்லறை நாகர்கோவிலில் அவர்கள் சபைத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

2011 நவம்பர் 18

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. திவால் நீதிமன்ற நீதிபதி ராபர்ட் குவான் மறைமாவட்டத்துக்கே கொடுத்திருக்கிறார். விலை 5.75 கோடி டாலர். சாப்மன் கடைசியாகச் சொன்னது 5.9 கோடி. குறைந்த விலைக்காரருக்குப் போனது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விற்கும் சபையின் நிர்வாகக் குழுவே மறைமாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. கட்டடம் ஆராதனை இடமாகவே இருக்கும் என்பதுதான் காரணம். ஷுல்லரும் அந்தப் பக்கம் நின்றார். தான் கட்டியது வேறு காரியத்துக்குப் போவதை அவரால் ஏற்க முடியவில்லை.

85 வயது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை விற்றுக் கடன் அடைக்கிற நிலைமை. அதிலும் 15 லட்சம் டாலர் அதிகம் கொடுப்பவரை விட்டுவிட்டு, ஜெபம் நடக்கிற கைக்குக் கொடுங்கள் என்கிறார். என் ஜூலைப் பதிவைத் திரும்பப் படித்தேன். அம்மாவின் கேள்வி சரி. என் முடிவு தப்பு.

பழைய சபை மூன்று வருடம் வரை அங்கேயே இருக்கலாம் என்று ஏற்பாடு. இழப்பீட்டைப் பற்றி ஆகஸ்டில் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

2012 பிப்ரவரி 5

பத்திரம் முடிந்தது.

2012 ஜூன் 10

பெயரும் வந்துவிட்டது: கிறிஸ்து பேராலயம். ஜனங்களிடமே பெயர் கேட்டார்கள், ரோமின் ஒப்புதலோடு நேற்று குருப்பட்டத் திருப்பலியில் அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் கிரிஸ்டல், கிரைஸ்ட் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தொடங்கும். பழையவர்களுக்கும் வாயில் வரும்.

ஒரு சின்ன விஷயம். கதீட்ரல் என்றால் பெரிய கோவில் என்று பலரும் நினைக்கிறார்கள். கத்தேத்ரா என்றால் ஆயரின் இருக்கை. அந்த நாற்காலி எங்கே இருக்கிறதோ அதுதான் கதீட்ரல், ஓலைக் குடிசையாக இருந்தாலும். சீர்திருத்த சபையில் ஆயரே கிடையாது. ஆக முப்பது வருடம் பெயரில் மட்டும் கதீட்ரலாக இருந்த இடத்துக்கு இனிமேல்தான் நாற்காலி வரப் போகிறது.

2013 ஜூலை 1

இரண்டு சபைகளும் வீடு மாறுகின்றன. மூன்று வருடம் ஆகவில்லை, அதற்குள்ளேயே. கண்ணாடிக் கோவில் சபை, அதே ஊரின் புனித கலிஸ்து கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகிறது. கலிஸ்து பங்கு மக்கள் இந்த வளாகத்துக்கு வருகிறார்கள். நாமும் ஒரு கோவிலை விட்டுக் கொடுத்திருக்கிறோம், அதை இங்கே யாரும் பேசவே இல்லை. கலிஸ்துவில் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்கள், கல்யாணம் முடித்தவர்கள், பெற்றவர்களைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பங்கில் ஒரு மெக்சிகோக்காரர் என்னோடு வேலை பார்க்கிறார். பழைய கோவிலின் கடைசிப் பூசை முடிந்ததும் தான் எப்போதும் உட்காரும் பலகையின் முனையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

கண்ணாடிக் கோவிலில் வேலை நடக்க வேண்டியிருப்பதால் பூசையெல்லாம் இப்போதைக்கு நோய்த்ரா கட்டிய பழைய கூடத்தில். ஆங்கிலம், ஸ்பானியம், வியட்நாமிய மொழிகளில். பக்கத்து வீட்டு அம்மா புதிய இடத்துக்குப் போய் வந்தார். "கோவில் சின்னது. பாட்டு நன்றாகக் கேட்கிறது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2014 அக்டோபர் 4

புதிய வடிவமைப்பைப் போன மாதம் காட்டினார்கள். கண்ணாடிகளை எடுக்கவில்லை! வெளியே ஒன்றும் மாறாது. உள்பக்கம் ஒவ்வொரு கண்ணாடிக்கும் கீழே முக்கோணத் தகடுகளால் ஆன இதழ்கள். வெயில் எப்படி விழுகிறது என்பதைப் பார்த்து, சில இதழ்கள் அகலத் திறந்திருக்கும், சில குறுகி இருக்கும். பகலில் வெயிலை மட்டுப்படுத்தும், இரவில் உள்விளக்கு வெளியே கசிந்து நட்சத்திரம் போலத் தெரியும் என்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் லாஸ் ஏஞ்சலஸின் ஜான்சன் ஃபெய்ன்.

தேவைதான். அந்தக் கட்டடத்தின் வெக்கையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 16,000 குழல்களுக்கு மேல் உள்ள அந்த ஆர்கனில் சில குழல்கள் வெயிலில் வளைந்தே போயிருக்கின்றன, மரப்பாகத்தில் கரையான் வேறு. பழுது பார்க்க இத்தாலியின் பதுவா நகருக்குக் கப்பலில் போயிருக்கிறது. பதுவை அந்தோனியார் ஊருக்கே போயிருக்கிறது, நல்லபடி திரும்பும்.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம். வானம் தெரிய வேண்டும் என்றுதானே ஷுல்லர் அடம்பிடித்தார்?

2015 ஏப்ரல் 21

ஷுல்லர் பெரிய வியாழனன்று காலமானார். ஈஸ்டர் முடிந்து இப்போது அதே வளாகத்தில் வழியனுப்பி, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். போன வருடம் இறந்த அர்வெல்லாவும் அங்கேதான். தின்பண்டக் கடைக் கூரையில் ஆரம்பித்த இரண்டு பேரும் ஒரு கத்தோலிக்கப் பேராலயத்தின் வளாகத்தில் கிடக்கிறார்கள்.

என் மனைவி பூ கொண்டுபோய் வைத்தாள். 2011-இல் அவள் சொன்னதை நினைவுபடுத்தினேன். "அதான் சொன்னேனே" என்றாள்.

யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு: ஜனவரியில் ஜோசப் வாஸ் கொழும்பில் புனிதர் பட்டம் பெற்றதை உங்களோடு சேர்ந்து கொண்டாடினேன். ஒரே வருடத்தில் இரண்டும்.

2018 டிசம்பர் 2

ஒரு திருத்தம். "அவர்களுக்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது" என்று முன்பு யாருக்கோ பதில் எழுதியிருந்தேன். நிரந்தரம் இல்லை. ஷுல்லரின் பேரன் நடத்தும் அந்தச் சபை இந்த வருடம் கலிஸ்து கோவிலையும் விட்டு, அர்வைனில் ஒரு பிரஸ்பிட்டேரியன் கோவிலுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாவால் அவ்வளவு தூரம் கார் ஓட்ட முடியாது. இப்போது டிவியில்தான் பார்க்கிறார். "இங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்?" என்று 2011-இல் நான் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி பதில் இது, எனக்கு மகிழ்ச்சியான பதில் இல்லை.

2019 ஜூலை 21

போன புதனன்று, 17-ஆம் தேதி, ஆயர் கெவின் வான் நேர்ந்தளித்தார். இன்று முதல் ஞாயிறு. போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பீடம் நடுவில். மக்கள் இரண்டு பக்கமும் எதிரெதிராக. பீடத்துக்கு மேலே பெரிய சிலுவை தொங்குகிறது. வெள்ளைக் கல்தரை. உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, இந்த இடத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் இதழ் இதழாக வெள்ளை. நான் பயந்த மாதிரி வானம் போய்விடவில்லை. துண்டு துண்டாகத் தெரிகிறது. காற்றடிக்கும்போது தென்னந்தோப்புக்குள் உட்கார்ந்து மேலே பார்த்தால் வெளிச்சம் நகருமே, திருப்பலி முழுக்க அப்படித்தான் இருந்தது. நற்கருணை எழுந்தேற்றத்தின்போது ஒரு வெளிச்சத் துண்டு எனக்கு முன் இருந்த வியட்நாமியப் பாட்டியின் தோளிலிருந்து இறங்கி ஜெபமாலைக்கு வந்தது.

அம்மா 2016-இல் போய்விட்டார். உள்ளே நுழையும்போது தீர்த்தத்தில் விரலை நனைத்து அவருக்கும் சேர்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். நற்கருணைப் பேழையைத் தேடிப் போய் முழங்கால் போட்டேன். இங்கேதாம்மா இருக்கு.

2019 ஜூலை 23

செலவுக் கணக்கு கேட்டவர்களுக்கு. சீரமைப்புக்கு 7.7 கோடி டாலர். வாங்கிய விலையையும் சேர்த்தால் 13.45 கோடி. "புதிதாகக் கட்டுவதைவிட மலிவு" என்று 2011-இல் நான் எழுதியது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. 30 ஏக்கருக்கு மேல் நிலம், நோய்த்ராவின் கட்டடங்கள், கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து வந்தன என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் மலிவு என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

2021 ஜூலை 18

நேற்று பேராலய வளாகத்தில் லா வாங் மாதா கெபியை நேர்ந்தளித்தார்கள். சைகோனை விட்டு வந்தவர்களின் ஊர் கார்டன் குரோவும் வெஸ்ட்மின்ஸ்டரும். 1798-இல் வேதகலாபனைக்கு (வேதத்துக்காக வந்த கொடுமைக்கு) பயந்து காட்டில் ஒளிந்திருந்த வியட்நாமியக் கத்தோலிக்கருக்கு மாதா காட்சி கொடுத்த இடம் லா வாங். படகில் வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அந்தச் சிலைக்குக் கீழே நின்று பாடினார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. மொழி ஒரு வார்த்தை புரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஷுல்லர் முதலில் கார் நிறுத்தச் சொன்ன மாதிரியான அதே சமதளத்தில், காரில் இருந்தபடியே ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு வயதான தம்பதி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2022 ஏப்ரல் 3

ஆர்கன் மறுபடி வாசிக்கிறார்கள். பதுவாவிலிருந்து வந்து, பொருத்தி, சுருதி கூட்டி முடிக்க இவ்வளவு நாள்.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிப் போனேன். தொண்ணூறு வயது, சக்கர நாற்காலி. இதழ்கள் போட்ட பிறகு அவர் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. கோபப்படுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். வாசலில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் மேலேயே பார்த்தார். பிறகு ஆர்கன் ஆரம்பித்தது. கீழ்ச்சுருதி வந்தபோது நாற்காலியின் கைப்பிடி என் கையில் அதிர்ந்தது. அவர் கண்ணை மூடவில்லை. வரிசை வரிசையாக, இடமிருந்து வலம், மேலே எண்ணிக்கொண்டே போனார்.

"எத்தனை எண்ணினீர்கள்?" என்று பாட்டு முடிந்ததும் கேட்டேன்.

"நூற்றுப் பதினெட்டு. அடுத்த வாரம் மிச்சம். எத்தனை மணிக்கு வருகிறாய்?"